மூன்று பேட், ஒரு கார்: சாலைக்கு எது, பந்தயத் தடத்துக்கு எது?

சென்னைக்கு அருகே இருக்கும் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்கு முதல்முறை காரைக் கொண்டுபோன ஞாயிற்றுக்கிழமை, நான்காவது சுற்றில் பிரேக் மிதி பஞ்சுபோல உள்ளே போனது. இரண்டு மூன்று முறை படபடவென்று மிதித்த பிறகுதான் வேகம் குறைந்தது. கார்களை நிறுத்திச் சரிபார்க்கும் பிட்டுக்குத் திரும்பியதும், "நல்ல பேட் வாங்கிவிட வேண்டும்" என்றேன். பக்கத்தில் நின்ற வயதான மெக்கானிக் சிரித்தார். "பேட் இருக்கட்டும் சார், பிரேக் ஆயிலை எப்போது மாற்றினீர்கள்?" என்னிடம் பதில் இல்லை.

சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் உராய்வுப் பட்டைதான் பேட். பிரேக் கைவிடும் விதங்கள் இரண்டு. மிதி கல்லாக நிற்கிறது, கார் மட்டும் நிற்கவில்லை என்றால் தோற்றது பேட். மிதி தரையைத் தொடுகிறது என்றால் ஆயில் கொதித்துக் குழாய்க்குள் ஆவிக் குமிழி சேர்ந்துவிட்டது. எனக்கு நேர்ந்தது இரண்டாவது. அதற்கு உலகிலேயே விலை உயர்ந்த பேடைப் போட்டிருந்தாலும் பயன் இருந்திருக்காது. டாட் 4 தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரத்தை உறிஞ்சிய பிறகு அதே தரத்துக்கான வரம்பு வெறும் 155 டிகிரி. பிரேக் ஆயிலின் சுபாவமே காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிப்பதுதான். சென்னைக் காற்றில் அதற்குப் பஞ்சமில்லை. மோட்டுல் ஆர்பிஎஃப் 600 போன்ற பந்தய ஆயில், புதிதாக ஊற்றும்போது 312 டிகிரி வரை தாங்கும். ஆகவே பேடுகளை ஒப்பிடுவதற்கு முன்பே ஒரு தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன்: முதல் செலவு ஆயிலுக்கு.

இனி பேடுக்கு வருவோம். 1,450 கிலோ எடையுள்ள ஒரு ஸ்போர்ட்ஸ் கார், ஓட்டுநரையும் சேர்த்து, 180 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 72-க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று, நான்கு விநாடிகளில் சுமார் 15 லட்சம் ஜூல் ஆற்றலை எங்கேயாவது கொட்டியாக வேண்டும். ஐந்து லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான சூடு அது. அதில் பெரும்பகுதி நான்கு டிஸ்க்குகளுக்குள் இறங்குகிறது, ஒவ்வொரு சுற்றிலும், ஒவ்வொரு பெரிய வளைவிலும். நகரச் சாலையில் டிஸ்க் நூறு, இருநூறு டிகிரியைத் தாண்டுவது அபூர்வம். தடத்தில் ஐந்நூறைத் தாண்டுவது சாதாரணம்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் உராய்வு எண்ணைப் பார்த்துப் பேட் வாங்குபவர்கள் ஏமாறுவது இந்த வேறுபாட்டில்தான். பல பேடுகளின் ஓரத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். எஃப் என்றால் உராய்வுக் கெழு, அதாவது பிடிப்பின் அளவு, 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. முதல் எழுத்து சாதாரண வெப்பத்துக்கு, இரண்டாவது எழுத்து உயர் வெப்பத்துக்கு. ஆனால் அந்தச் சோதனையின் 'உயர் வெப்பம்' ஏறக்குறைய 343 டிகிரியோடு முடிந்துவிடுகிறது. தடத்தில் கதை தொடங்குவதே அதற்கு மேல்தான். 'எஃப்எஃப்' என்று பொறித்த குடும்பக் கார் பேடும், 0.42 என்று விளம்பரம் செய்யும் தடப் பேடும் காகிதத்தில் அண்ணன் தம்பி போலத் தெரியும். எவ்வளவு பிடிக்கிறது என்பதைவிட, எந்தச் சூடு முதல் எந்தச் சூடு வரை அதே அளவு பிடிக்கிறது என்றுதான் கேட்க வேண்டும்.

இந்தக் கேள்வியோடு மூன்று பேடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். தொழிற்சாலையிலிருந்து காரோடு வரும் பேட், நடுத்தர வகைக்கு ஃபெரோடோ டிஎஸ் 2500, சுத்தமான பந்தய வகைக்கு பாகிட் ஆர்எஸ் 29.

தொழிற்சாலைப் பேடைக் குறைத்துப் பேசுவது கார் பிரியர்களின் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. காலை ஆறு மணிக்குக் குளிர்ந்த டிஸ்க்கோடு வீட்டைவிட்டுக் கிளம்பி, முதல் திருப்பத்திலேயே ஆட்டோ ஒன்று குறுக்கே வந்தால், மூன்றில் எதை நம்புவீர்கள் என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். சத்தம் இல்லை, தூசி குறைவு, டிஸ்க்கை அரிக்காது. ஐப்பசி மழையிலும் முதல் மிதியிலேயே பிடிக்கும். தடத்தில் ஓரிரண்டு வேகச் சுற்றுகளும் தாங்கும். அதற்கு மேல் போனால் பேடைப் பிணைத்திருக்கும் பிசின் சூட்டில் சிதைந்து வாயுவைக் கக்குகிறது. அந்த வாயுப் படலத்தின் மேல் பேட் வழுக்குகிறது. மிதி கல்லாக நிற்கும், கார் நிற்காமல் ஓடும்.

ஃபெரோடோவின் கதை கொஞ்சம் சுவையானது. ஹெர்பர்ட் ஃப்ரூட் என்ற ஆங்கிலேயர் 1897-இல் டெர்பிஷையரில் தொடங்கிய நிறுவனம் இது. மலைச்சரிவில் இறங்கும் குதிரை வண்டிச் சக்கரங்களில் விவசாயிகள் பழைய செருப்புத் தோலை அண்டக் கொடுத்து வேகம் குறைத்ததைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது என்று சொல்வார்கள். அவர் குடும்பப் பெயரின் ஆங்கில எழுத்துகளைக் கலைத்து, ஒரு எழுத்து கூட்டிக் கோத்தால் 'ஃபெரோடோ' வந்துவிடும். டிஎஸ் 2500 அந்த நிறுவனத்தின் சாலை-தடம் இரண்டுக்குமான கலவை. சராசரிக் கெழு 0.42, வேலை செய்யும் எல்லை 500 டிகிரி வரை என்கிறது நிறுவனம். குளிரில் தொழிற்சாலைப் பேடுக்குக் கிட்டத்தட்ட நிகர். சூட்டில் அதைவிட வெகு தூரம் முன்னே. மிதியின் அழுத்தத்துக்கு ஏற்றபடி படிப்படியாகப் பிடிக்கும், திடீரென்று கவ்வாது. புதிதாகத் தடத்துக்கு வருபவர் கால் பழகுவதற்கு இது பெரிய வசதி. குறை என்றால் அவ்வப்போது கீச்சிடும், சக்கரம் கொஞ்சம் கறுக்கும். ஒட்டும் டயர் போட்ட கனமான காரை இருபது நிமிடம் விடாமல் விரட்டினால் இதற்கும் மூச்சு வாங்கும். இதே நடுத்தர வரிசையில் ஈபிசி எல்லோஸ்டஃப், ஹாக் எச்பி ப்ளஸ் என்று இன்னும் சில உண்டு. ஒவ்வொன்றாக விரிக்கத் தேவையில்லை.

பாகிட் ஆர்எஸ் 29 வேறு உலகம். நெடுநேரப் பந்தயங்களுக்காக உருவான மஞ்சள் நிற பேட். முதல் சுற்றில் எப்படிப் பிடித்ததோ, கடைசிச் சுற்றிலும் ஏறக்குறைய அப்படியே பிடிக்கும். மெதுவாகத் தேயும். போர்ஷே வைத்திருப்பவர்கள் இதைக் கொண்டாடுவதற்குக் காரணம் இந்த நிலைத்தன்மைதான். அதே ஆட்கள் சிக்னலில் நிற்கும்போது தலையைக் குனிந்துகொள்வதற்குக் காரணம் அது போடும் சத்தம். பள்ளிப் பேருந்து நிற்பது போலக் கீச்சிடும். சத்தத்தை விடுங்கள். குளிர்ந்திருக்கும் பந்தய பேட் டிஸ்க்கை அரத்தைப் போல அராவுகிறது. சூடான இரும்புத் தூசி, மழை ஈரம் பட்டால் சக்கரத்தில் துருவாக ஒட்டிக்கொள்ளும். உடனே கழுவாவிட்டால் வண்ணப்பூச்சுக்கே சேதம்.

சூடான பேட் டிஸ்க்கின் மேல் தன் பொருளையே மெல்லிய படலமாகப் பூசுகிறது. பிடிப்பு என்பது அந்தப் படலமும் பேடும் ஒன்றையொன்று பற்றுவதால் வருவது. புது பேடைப் போட்டவுடன் பல முறை வேகமெடுத்து, பலமாக மிதித்து, முழுதாக நிறுத்தாமல் விட்டு, பிறகு ஆறவிட்டுப் படியவைப்பது இந்தப் படலத்துக்காகத்தான். கொதிக்கும் டிஸ்க்கோடு பிட்டில் காரை நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடியே நின்றால் பேட் இருக்கும் இடத்தில் மட்டும் பொருள் திட்டாக ஒட்டிக்கொள்ளும். அடுத்த வாரம் ஸ்டியரிங் அதிரும். "டிஸ்க் வளைந்துவிட்டது" என்று கடைந்து கொடுப்பார்கள். பெரும்பாலும் எதுவும் வளைந்திருக்காது, ஒட்டிய திட்டுதான் குற்றவாளி.

எந்தத் தடம் என்பதும் முக்கியம். கோவை செட்டிப்பாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வே தடம் 2 கிலோமீட்டர் சொச்சம்தான். வேகம் பெரிதாக ஏறாது, ஆனால் வளைவுக்கும் வளைவுக்கும் நடுவில் டிஸ்க் ஆற நேரமும் கிடைக்காது. 3.717 கிலோமீட்டர் நீளமுள்ள இருங்காட்டுக்கோட்டையில் கொஞ்சம் மூச்சு விடலாம். கிரேட்டர் நொய்டாவின் புத் சர்வதேசப் பந்தயத் தடத்தில் ஒரு கிலோமீட்டரைத் தாண்டும் நேர்பாதையின் முடிவில் மிதிக்கும்போது, ஆற்றல் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறுகிறது என்ற பள்ளிக்கூடப் பாடம் காலில் உறைக்கும். சென்னையில் போதுமாக இருந்த நடுத்தர பேட் அங்கே போதாமல் போகலாம்.

என் தேர்வு இதுதான். ஆண்டுக்கு இரண்டு நாள் தடத்துக்குப் போய், அதே காரில் வீடு திரும்புபவருக்கு டிஎஸ் 2500, முன்னும் பின்னும் சேர்த்தே. பின் சக்கரத்துக்கு மட்டும் கடுமையான பேடைப் போட்டுவிடாதீர்கள், மழையில் பின் சக்கரம்தான் முதலில் சுழலாமல் பூட்டிக்கொள்ளும். ஆண்டுக்கு ஐந்தாறு நாளுக்கு மேல் என்றால் நடுத்தரத்தை மறந்துவிட்டு இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள்: போகவும் வரவும் தொழிற்சாலைப் பேட், தடத்துக்குள்ளே ஆர்எஸ் 29 போன்ற ஒன்று. பேடைத் தாங்கிப் பிடிக்கும் காலிப்பரைக் கழற்றாமலே பேடை உருவக்கூடிய கார்களில் நான்கு சக்கரத்துக்கும் ஒரு மணி நேரம் போதும். பந்தய பேடை அன்றாடம் ஓட்டுவதற்கு என்னிடம் ஆதரவு இல்லை, நண்பர்கள் எவ்வளவு வாதாடினாலும் சரி. பேட் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் தடத்தில் இறங்குவதில்லை. மெலிந்த பேட் சூட்டை நேராகத் தன்னைத் தள்ளும் பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் கடத்திவிடும்.

இப்போது என் டிக்கியில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா கிடக்கிறது. கழற்றும் ஒவ்வொரு பேடின் முதுகிலும் மார்க்கரால் எழுதிப் போட்டுவைக்கிறேன்: முன் இடது உள், முன் இடது வெளி, முன் வலது உள். அடுத்த முறை அதே இடத்தில் போட்டால், தேய்ந்த முகம் தேய்ந்த டிஸ்க்கோடு பொருந்தி உட்கார்ந்துகொள்ளும்.