ஒரிஜினல் என்று விற்கப்படும் கேமரா பைகள்: குமரி மாவட்டப் புகைப்படக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ கேமரா பை வாங்கப் போகிறவர்கள், குறிப்பாகக் கல்யாண சீசன் தொடங்குவதற்கு முன் அவசரமாகப் பை தேடிக்கொண்டிருப்பவர்கள், பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் இதை ஒருமுறை வாசித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பெயர் பெற்ற நிறுவனம் ஒன்றின் சின்னம் பொறித்த முதுகுப்பையை, ஒரிஜினல் என்றும் ஒரு வருட வாரண்டி உண்டு என்றும் சொல்லி, நாகர்கோவிலில் ஒரு கடை எனக்கு 6,800 ரூபாய்க்கு விற்றது. விலைச்சீட்டில் 11,999 ரூபாய் என்று அச்சிட்டிருந்தது. அந்தப் பை போலி. அதற்குள் இருந்த லென்ஸைப் பழுதுபார்க்கச் சர்வீஸ் சென்டர் கேட்ட தொகை பையின் விலையைப்போல் இரு மடங்குக்கும் மேல். புகார் விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் எழுதவில்லை. என்ன சொல்லி விற்றார்கள், பிரித்துப் பார்த்தபோது உள்ளே என்ன இருந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

வாங்குவதற்கு முன் வாட்ஸப்பில் விசாரித்தபோது கடைக்காரர் அனுப்பிய பதில் இன்னும் என் போனில் இருக்கிறது: “ஒரிஜினல் பீஸ் அண்ணே, கம்பெனி வாரண்டி உண்டு. முப்பது லிட்டர். மழையில நனைஞ்சாலும் ஒரு சொட்டு வெள்ளம் உள்ள எறங்காது. ஃபிளைட்லயும் கையில கொண்டு போலாம்.” இரண்டு கேமரா பாடி, மூன்று லென்ஸ், ஃபிளாஷ், லேப்டாப் எல்லாம் சேர்ந்து எட்டுக் கிலோவுக்குள் அடங்கும் சுமை என்று தெளிவாகச் சொல்லித்தான் கேட்டிருந்தேன்.

முட்டம் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறைகளில் இறங்கிக்கொண்டிருந்தபோது இடது தோள்வார் மேல் முனையில் பிய்ந்தது. பை ஒரு பக்கமாகச் சரிந்து பாறையில் மோதியது. 70-200 மி.மீ. ஜூம் லென்ஸின் மவுண்ட், அதாவது கேமராவில் பொருத்தும் வளையம், வளைந்து, ஜூம் வளையம் பாதியில் இறுகிவிட்டது. பையை வடசேரியில் பள்ளிக்கூடப் பைகள் தைத்துக் கொடுக்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் பிளேடால் தையலைப் பிரித்துக் காட்டினார். வாரின் முனை, முதுகுப் பக்கத் துணிக்கும் மேல் துணிக்கும் நடுவில் ஒரு விரற்கடை அளவுகூட உள்ளே போகவில்லை. அதன்மேல் ஒரே ஒரு ஓட்டுத் தையல். சுமை தாங்கும் பைகளில் அந்த முனையை இரண்டு அங்குலமாவது உள்ளே விட்டு, சதுரமாக ஓட்டி, நடுவில் குறுக்கும் நெடுக்குமாக மறுபடியும் தைத்திருப்பார்கள். “மூணாங்கிளாஸ் பிள்ளைக்குள்ள புஸ்தகப் பைக்கே நான் இத விட நல்லா தைப்பேன் மக்கா” என்றார். அவர் சொன்னது மிகையில்லை.

அவரிடமிருந்து வாங்கிய அதே பிளேடால் வீட்டில் உள்ளே இருந்த தடுப்புகளில் ஒன்றைக் கிழித்துப் பார்த்தேன். பையின் மற்றக் குறைகளை எல்லாம் மன்னித்துவிடலாம், இதை மன்னிக்க முடியாது. நல்ல கேமரா பையின் தடுப்பில் அடர்த்தியான, நீர் உறிஞ்சாத ஃபோம் இருக்கும்; கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுத்தால் உடனே பழைய நிலைக்கு எழும்பும். இதில் இருந்தது சாம்பல் நிற அட்டை ஒன்றும், அதன் இரு பக்கத்திலும் ஒட்டிய மலிவான ஸ்பாஞ்சும். ஸ்பாஞ்சை அழுத்தினால் விரல் நேரே அட்டையில் முட்டியது. அதாவது லென்ஸுக்கும் லென்ஸுக்கும் இடையில் அதிர்ச்சியைத் தாங்க எதுவுமே இல்லை. தேரூர்க் குளத்திலும் மணக்குடிக் காயலிலும் பறவைகளைப் படமெடுக்க 150-600 மி.மீ. நீள ஜூம் லென்ஸ் தூக்கிக்கொண்டு போகும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த லென்ஸ்களில் பரவலாக வாங்கப்படுபவை ஏறத்தாழ 2 கிலோ எடையும் 26 செ.மீ. நீளமும் உடையவை. பைக்குள் அது நீளவாட்டில் அடங்கிவிடும், ஆனால் அட்டைத் தடுப்பு அதன் எடையில் மடங்கி, பக்கத்தில் இருக்கும் லென்ஸின்மேல் சாய்ந்துவிடும்.

முப்பது லிட்டர் என்ற கணக்கையும் டேப் வைத்து அளந்தேன். கேமரா வைக்கும் அறையின் உள்ளளவு 40 செ.மீ. நீளம், 26 அகலம், 13 ஆழம். மூன்றையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் பதின்மூன்றரை லிட்டர் வருகிறது. முன்பக்க அறைகளைத் தாராளமாகச் சேர்த்தாலும் இருபதைத் தாண்டாது. லிட்டரைவிட ஆழம்தான் முக்கியம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்: பேட்டரி கிரிப் (கேமராவின் அடியில் மாட்டும் கூடுதல் பேட்டரிப் பிடி) மாட்டிய பாடி உயரவாக்கில் 15 செ.மீ. வரை வரும், 13 செ.மீ. ஆழத்தில் அதை வைத்தால் ஜிப் மூடாது, மூடினாலும் ஜிப் பற்கள் நாள்தோறும் இழுபட்டு விலகும். லேப்டாப் அறை பையின் அடித்தளம் வரை நேரே இறங்குகிறது. பையைத் தரையில் வைக்கும்போதெல்லாம் லேப்டாப்பின் மூலை தரையில் இடிக்கும். முறையான பைகளில் அந்த அறை அடித்தளத்துக்கு மேலே சற்று உயரத்திலேயே நின்றுவிடும்.

மழை விஷயத்துக்கு வருகிறேன். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. பையை நனையாமல் வைத்திருப்பது இங்கே ஆடம்பரத் தேவை அல்ல. திற்பரப்பில் பெய்த சாதாரணச் சாரலிலேயே மேல் ஜிப் வழியாகவும் தோள் அருகே உள்ள தையல் வழியாகவும் தண்ணீர் இறங்கியது. துணியின்மேல் ஒரு கை தண்ணீர் ஊற்றிக் காட்டி, உருண்டு ஓடுகிறது பாருங்கள் என்பார்கள். துணி தாங்கும்தான், தண்ணீர் புகுவது தையல் துளைகளிலும் ஜிப்பிலும். அதனால்தான் நல்ல பைகளோடு தனியாக மழை உறை வருகிறது. என் பையின் அடியில் உறைக்கான அறை இருந்தது, உறை இல்லை. கேட்டதற்கு அது தனி விலை என்றார்கள். நனைந்த ஸ்பாஞ்ச் எளிதில் உலராது. கடற்காற்று வீசும் ஊர்களில் அந்த ஈரம் லென்ஸில் பூஞ்சை பிடிக்கப் போதுமானது.

விமானப் பயணம் பற்றிச் சொன்னதும் பாதி உண்மைதான். திருவனந்தபுரத்திலிருந்து ஏறும் உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்குப் பொதுவாக 7 கிலோதான் அனுமதி. வெறும் பையே 2 கிலோவைத் தாண்டுமானால் கருவிகளுக்கு மிஞ்சுவது ஐந்துதான். கவுன்டரில் பையைச் சரக்கில் போடச் சொன்னால் உதிரி லித்தியம் பேட்டரிகளைக் கட்டாயம் வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிய்ந்த பையோடு கடைக்குப் போனபோது முதலில் கிடைத்த பதில், அதிகச் சுமை ஏற்றிவிட்டேன் என்பது. வாட்ஸப் செய்தியைக் காட்டியதும், பில்லைப் பாருங்கள் என்றார். கையால் எழுதிய அந்தப் பில்லில் ‘பேக் – 1’ என்று மட்டும் இருந்தது. நிறுவனத்தின் பெயர் இல்லை, மாடல் எண் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. கீழே ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற ரப்பர் ஸ்டாம்ப். விலைச்சீட்டின் படத்தை நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு அனுப்பினேன். அந்த மாடல் எண்ணில் இப்படியொரு பையைத் தாங்கள் தயாரிக்கவில்லை என்று எழுத்து மூலம் பதில் வந்தது. உண்மையில் அந்தச் சீட்டே போதிய சாட்சியாக இருந்தது. தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் முகவரி, தயாரித்த மாதம், வாடிக்கையாளர் சேவை எண் ஆகியவை அதில் இருக்க வேண்டும். இருந்தது விலை மட்டும்.

அந்த ரப்பர் ஸ்டாம்புக்குப் பயந்து பலர் பேசாமல் வந்துவிடுகிறார்கள். பில்லில் காலக்கெடு எதுவும் குறிப்பிடாதபோது, குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவின்படி முறையற்ற வணிக நடவடிக்கை. கடைக்காரர் இன்னொரு வாதத்தையும் வைத்தார்: நான் தொழிலுக்காக வாங்கியதால் நுகர்வோரே ஆகமாட்டேனாம். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே ஒருவர் வாங்கித் தாமே பயன்படுத்தும் பொருள் ‘வணிக நோக்கம்’ ஆகாது என்று அதே சட்டம் விளக்கம் கொடுத்திருக்கிறது. தனியாகத் தொழில் செய்யும் புகைப்படக்காரர்கள் இந்த வரியை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முதலில் பதிவு செய்தேன், கடை அசையவில்லை. பிறகு நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுத்தேன். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும்.

இனி வாங்குகிறவர்கள் உங்கள் கேமராவையும் மிக நீளமான லென்ஸையும் கடைக்கே கொண்டுபோய்ப் பைக்குள் வைத்து மூடிப் பாருங்கள். ஜிப் ரன்னரில் ‘ஒய்கேகே’ என்ற பெயர் பெற்ற ஜிப் நிறுவனத்தின் எழுத்து இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம், போலிகளிலும் அதைப் பொறிக்கிறார்கள். நிரப்பிய பையை ஒரே தோள்வாரில் தூக்கிச் சற்றுக் குலுக்கி, மேல் முனைத் தையல் வாய் பிளக்கிறதா என்று பாருங்கள். கடைக்காரர் வாயால் சொல்லும் நிறுவனப் பெயர், மாடல் எண், வாரண்டிக் காலம் மூன்றையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். நேர்மையான கடை இதற்கு முகம் சுளிக்காது. நான் பிறகு பை வாங்கிய கடையில் கேட்காமலேயே எழுதிக் கொடுத்தார்கள்.

இதே மாதிரிப் பையை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் இன்றே ஒரு தடுப்பைக் கழற்றி வளைத்துப் பாருங்கள். அட்டை மடங்கும் சத்தம் கேட்டால், பையைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு, பில் தேதியிலிருந்து 30 நாட்கள் கடப்பதற்குள் பொருளைத் திருப்பித் தருவதாகக் கடைக்கு எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். கடிதத்தின் நகலையும் தபால் ரசீதையும் பில்லோடு சேர்த்து வையுங்கள்.