வீட்டுக்குள்ளேயே வளரும் பூனைகளுக்கு விளையாட்டு: நாலைந்து வருட அனுபவம்

சென்னையில் மூன்றாவது மாடி ஃபிளாட். செவலை, கறுப்பி என்று இரண்டு நாட்டுப் பூனைகள். தெருவில் வண்டிகளும் நாய்களும் அதிகம் என்பதால் இரண்டையும் வெளியே விடுவதில்லை. இத்தனை வருடங்களில் இவர்களுக்காக வாங்கியதிலும் செய்ததிலும் எது இன்றும் பயன்படுகிறது, எது மூலையில் கிடக்கிறது என்று எழுதுகிறேன்.

முதலிடம் சந்தேகமே இல்லாமல் இறகுக் குச்சிக்குத்தான், அதாவது நுனியில் நூல் கட்டி இறகு தொங்கவிட்ட குச்சி. விலை அதிகமில்லை, ஆனால் ஆட்டுகிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. முகத்துக்கு நேரே கொண்டுபோய் ஆட்டினால் பூனை எழுந்து போய்விடும். எந்த எலியாவது பூனையைத் தேடி வருமா? இறகு அதை விட்டு விலகி ஓட வேண்டும், நடுவில் நிற்க வேண்டும், திரைச்சீலைக்குப் பின்னால் பாதி மறைய வேண்டும். அது நிற்கும்போது செவலையைப் பார்க்க வேண்டும்: கண்பாப்பா விரிந்து கண் முழுக்கக் கறுப்பாகிவிடும், மீசை முன்னால் நீளும், பின்பக்கம் இப்படியும் அப்படியும் ஆடும், அப்புறம் ஒரே பாய்ச்சல். கறுப்பிக்கு இறகு பறந்தால் பிடிக்காது. பாய்க்கு அடியில் ஊர்ந்தால்தான் வருவாள். அவனுக்குப் பறவை, அவளுக்குப் பல்லி. உங்கள் பூனை எந்த ரகம் என்று முதலில் பார்த்துவிட்டு வாங்குங்கள், பாதிப் பணம் மிச்சம்.

பூனைகளுக்கு விடியலிலும் அந்தியிலும்தான் இயல்பாகவே வேகம் வரும். அதனால் காலையில் கொஞ்ச நேரம், இரவுச் சாப்பாட்டுக்கு முன் கொஞ்ச நேரம் ஆடுகிறோம். கடைசியில் இறகை நன்றாகப் பிடிக்க விட்டு, உடனே தட்டை வைத்துவிடுவேன். வேட்டை, தீனி, உடம்பை நக்கிக்கொள்வது, தூக்கம் என்ற அவற்றின் வரிசை இதில் முழுமையாகிறது. விடியற்காலையில் காலைக் கடித்து எழுப்பும் பழக்கம் இதற்கு அப்புறம்தான் நின்றது. ஆட்டம் முடிந்ததும் குச்சியை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். நூல், ரிப்பன் எதையாவது விழுங்கினால் குடல் கொசுவம் போல மடிந்து, அறுவைச் சிகிச்சை வரை போய்விடும். பூ கட்டும் நூலும் தையல் நூலும் இதில் சேர்த்திதான்.

லேசர் விளக்கை நிறுத்திவிட்டேன். அதன் ஒளிப்புள்ளியைத் துரத்தி எவ்வளவு ஓடினாலும் கையில் எதுவும் சிக்காது. அணைத்த பிறகும் செவலை சுவரையே தேடிக்கொண்டிருந்தது பார்க்கப் பாவமாக இருந்தது. பூனை வளர்ப்பவர்களிடம் கேட்டு 2021இல் வெளியான ஓர் ஆய்வில், லேசர் விளையாட்டு அதிகமுள்ள பூனைகளிடம் வெளிச்சத்தையும் நிழலையும் விடாமல் துரத்துவது போன்ற பழக்கங்கள் கூடுதலாகத் தெரிந்தன. பேட்டரியில் தானே உருளும் பந்து சீக்கிரமே சலித்துவிட்டது.

செலவில் பெரியது பால்கனி வலை. ஆனால் செய்ததிலேயே உருப்படியான காரியமும் அதுதான். மெல்லிய புறா வலையைப் பூனை கடித்து ஓட்டை போட்டுவிடும், தடித்த நைலானாகக் கேட்டு வாங்குங்கள். பூனை எப்படி விழுந்தாலும் காலில் நிற்கும் என்று நம்பி வலை போடாமல் இருக்காதீர்கள். நியூயார்க்கில் மாடிகளிலிருந்து விழுந்து சிகிச்சைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றி 1987இல் மருத்துவர்கள் எழுதினார்கள். பத்தில் ஒன்பது பிழைத்தன, உண்மைதான். ஆனால் நெஞ்சிலும் தாடையிலும் அடிபட்டவை ஏராளம். வலைக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டேன். எதிர் மரத்தில் அணிலும் மைனாவும் வரும். கறுப்பி காலை முழுக்க அங்கேதான், பல்லைக் கிட்டித்துக் கிடுகிடுவென்று சத்தம் போட்டுக்கொண்டிருப்பாள்.

ஏறுவதற்குக் கேட் ட்ரீ (பூனை ஏறி உட்காரத் தட்டுகள் வைத்த கம்பம்) வாங்கவில்லை. சுவரில் இரண்டு பலகை அடித்துப் பரணுக்கு வழி விட்டோம், அது போதும். கீறுவதற்கான கம்பம் மட்டும் உயரமாக, ஆடாததாக இருக்க வேண்டும். பூனை முழு உடம்பையும் நீட்டிக் கீற முடியாவிட்டால் சோபாவுக்குத்தான் போகும்.

பூனைகளைக் கிறங்க வைக்கும் கேட்நிப் என்ற வாசனைச் செடிப் பொட்டலத்துக்குப் பதில் குப்பைமேனி வேர் பயன்படுத்துகிறேன். ஊர்ப்பக்கம் பூனைவணங்கி என்று சொல்லும் அதே செடி. மருந்தடிக்காத இடத்தில் பிடுங்கி, வாந்தியைத் தூண்டக்கூடிய இலையை நீக்கிவிட்டு, வேரை மட்டும் கழுவித் துணியில் முடிந்து போடுவேன். கறுப்பி கன்னத்தைத் தேய்த்துப் புரள்வாள், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுவாள். செவலை மோந்து பார்த்துவிட்டுப் போய்விடுவான். கேட்நிப்பும் இப்படித்தான், எல்லாப் பூனைக்கும் பிடிக்காது.

மழை நாட்களில் முட்டை அட்டை கைகொடுக்கும். குழிகளில் ட்ரை ஃபுட்டைப் போட்டு, மேலே காகித உருண்டைகளை வைத்து மூடிவிட்டால், ஒவ்வொன்றாக நோண்டி எடுத்துச் சாப்பிடுவார்கள். ஈரமான உணவை அதில் வைக்காதீர்கள், எறும்பு மொய்த்துவிடும்.