துலுமா, புவேர்ட்டோ எஸ்கோண்டிடோவா?

கான்குன் போல வரிசையாக ஹோட்டல் கட்டிடங்கள் வேண்டாம், சின்னதாக ஒரு கடற்கரை ஊர் போதும் என்று மெக்சிகோவுக்குக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு பெயர்களில் வந்து நிற்பார்கள். துலும் கிழக்கே கரீபியன் கரையில். புவேர்ட்டோ எஸ்கோண்டிடோ தெற்கே, வஹாகா மாநிலத்தின் பசிபிக் கரையில். புகைப்படத்தில் இரண்டும் ஒன்றுதான். தண்ணீரில் இறங்கினால் தெரியும் சங்கதி.

துலுமுக்கு எதிரே பவளத்திட்டு இருப்பதால் அலை அடங்கித்தான் கரைக்கு வரும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அது நிம்மதி. ஆனால் ஏறத்தாழ ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை சர்காசம் என்ற பழுப்புப் பாசி கரையில் குவிந்து, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அப்போது டிக்கெட் போட்டுவிட்டீர்களா? கடலை விட்டுவிட்டு செனோட்டே எனப்படும் சுண்ணாம்புப் பாறை நீர்க்குழிகளுக்குப் போங்கள். உடம்பில் சன்ஸ்கிரீன் இருந்தால் கழுவிவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

புவேர்ட்டோவின் சிகாட்டேலா கரை, அலைச்சறுக்குக்காரர்கள் 'மெக்சிகன் பைப்லைன்' என்று கொண்டாடும் இடம். நீச்சல் தெரியும் என்ற தைரியத்தில் அங்கே இறங்காதீர்கள். உள்ளே இழுத்துப் போகிற நீரோட்டம். சிவப்புக் கொடி பறந்தால் கரையிலேயே இருங்கள், கறுப்பு என்றால் பேச்சே இல்லை. குளிப்பதற்கு கரிசலீயோ குடா இருக்கிறது, 150 படிகளுக்கு மேல் இறங்கி. இறங்குவது சுலபம், மத்தியான வெயிலில் ஏறும்போது முட்டி பேசும்.

போய்ச் சேர்வது இப்போது இரண்டுக்கும் எளிது. துலுமுக்கு 2023 டிசம்பரில் விமான நிலையம் வந்தது. வஹாகா நகரிலிருந்து புவேர்ட்டோவுக்கு மலைப்பாதையில் ஆறேழு மணி நேரம் வளைந்து வளைந்து போனது, 2024 பிப்ரவரியில் திறந்த புதுச் சாலையில் மூன்று மணி நேரம் அளவுக்குச் சுருங்கிவிட்டது.

செலவில்தான் துலும் கையைக் கடிக்கும். ஊர் ஒரு பக்கம், கடற்கரை சில கிலோமீட்டர் தள்ளி. டாக்சிக்கு மீட்டர் கிடையாது, ஏறும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். மெக்சிகோ சட்டப்படி கடற்கரை பொதுச் சொத்து. ஆனால் ரோட்டிலிருந்து மணலுக்குப் போகிற வழியை ஹோட்டல்கள் அடைத்து நிற்கும். பீச் கிளப் வழியாகப் போனால் குறைந்தது இவ்வளவுக்குச் சாப்பிட வேண்டும் என்பார்கள். விலைப்பட்டியலில் டாலர் குறி இருந்தால் அது மெக்சிகோ பணமான பெசோவா, அமெரிக்க டாலரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஒரே குறிதான்.

சைவக்காரர்களுக்குத் துலும் சுகம், வீகன் கடைகள் நிறைய. புவேர்ட்டோவில் த்லாயூடா சாப்பிடாமல் வரக்கூடாது: தாம்பாளம் அகலத்துக்கு மொறுமொறுப்பான சோள அடை, மேலே அரைத்த பீன்ஸ், நூல் நூலாய்ப் பிரியும் வஹாகா சீஸ். அடியில் தடவுவது பன்றிக் கொழுப்பு! 'சின் அசியெந்தோ' (அந்தக் கொழுப்பு இல்லாமல்) என்று சொன்னால் விட்டுவிடுவார்கள். பீன்ஸிலும் கொழுப்பு சேர்ப்பதுண்டு, கேட்டுவிடுங்கள். 'கார்னே', அதாவது இறைச்சி, வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கோழி வந்து சேரும்.

வயதானவர்கள், சின்னக் குழந்தைகள் கூட வந்தால் டிசம்பர் முதல் மார்ச்சுக்குள் துலும். மற்றபடி என் ஓட்டு புவேர்ட்டோவுக்கே. அங்கே இன்னும் மீன்பிடி ஊர் வாசனை மிச்சம் இருக்கிறது. அதனாலேயே மரியாதையும் கொஞ்சம் கூடுதலாகத் தேவை. கடைக்குள் நுழைந்ததும் விலை கேட்பதற்கு முன் காலை வணக்கமாக 'ப்வெனோஸ் தியாஸ்', மத்தியானத்துக்கு மேல் 'ப்வெனாஸ் தார்தெஸ்' சொல்லுங்கள். சாப்பிடுகிறவர்களைத் தாண்டிப் போனால் 'ப்ரொவேச்சோ', நன்றாகச் சாப்பிடுங்கள் என்று அர்த்தம். பில்லை நீங்களாகக் கேட்கும்வரை கொண்டுவர மாட்டார்கள். கேட்காமல் நீட்டுவது விரட்டுவது மாதிரி. டிப்ஸ் 10 முதல் 15 சதவீதம். மணலில் சாமான் விற்று வருகிறவர்களிடம் வேண்டாமென்றால் முகம் திருப்பாமல் 'நோ, க்ராசியாஸ்' போதும். நனைந்த நீச்சல் உடையோடு சந்தைக்குள் போகாதீர்கள். குழாய்த் தண்ணீர் குடிக்க வேண்டாம். கழிவறைத் தாளைப் பக்கத்துக் கூடையில் போடுங்கள், குழாய் அடைத்தால் வீட்டுக்காரருக்குத்தான் தலைவலி.