மன்னிப்பதா, மறுபடி சேர்ந்து வாழ்வதா?

"மன்னித்துவிட்டேன் என்றால் அடித்தவரிடமே திரும்பிப் போகணுமா?" காயப்பட்ட விசுவாசிகள் பலரை அலைக்கழிக்கும் கேள்வி. மன்னிப்பு வேறு, ஒப்புரவு (முறிந்த உறவு மறுபடி சேர்வது) வேறு.

யார் கையில்: மன்னிக்க நீங்கள் ஒருவர் போதும். ஒப்புரவாக இருவரும் வேண்டும்.

கோபம்: வேதாகமத்தில் எபேசியர் 4:26 கோபத்தைத் தடுக்கவில்லை, கோபத்தில் செய்யும் பாவத்தைத்தான் தடுக்கிறது. மன்னிப்பது என்றால் பழிவாங்குவதைக் கர்த்தரிடம் விட்டுவிடுவது. போலீஸில் புகார் கொடுப்பது பழிவாங்கல் அல்ல. பழிவாங்காதிருக்கச் சொல்லும் ரோமர் 12:19-ஐ, குற்றத்தைத் தண்டிப்பது அதிகாரிகளின் வேலை என்னும் 13:4-உடன் சேர்த்து வாசியுங்கள்.

மனந்திரும்புதலின் அடையாளம்: கண்ணீர் மட்டும் மனந்திரும்புதல் ஆகாது. வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். சகோதரர்களால் விற்கப்பட்ட யோசேப்பு அவர்களை மறுபடி கண்டு மறைவில் அழுதாலும், தம்பி பென்யமீனுக்குப் பதிலாக அண்ணன் யூதா அடிமையாக முன்வந்த பிறகே தன்னை வெளிப்படுத்தினான்.

பாதுகாப்பு: "திரும்பி வா" என்றான், தாவீதைக் கொல்லத் தேடிய ராஜா சவுல். தாவீது அவனைக் கொல்லாமல் விட்டான். ஆனால் சவுலிடமிருந்து எடுத்த ஈட்டியைக்கூட ஒரு வாலிபன் வந்து வாங்கிப் போகட்டும் என்றான். தான் போகவில்லை.

அடியோ மிரட்டலோ தொடர்ந்தால் முதலில் விலகுங்கள். மன்னிப்பு மெல்ல வரட்டும். காயப்படுத்தியவர் செய்ததை மழுப்பாமல் ஒப்புக்கொண்டு, ஆலோசனைக்குப் போய், மாதக்கணக்கில் நடத்தை மாறியிருந்தால் மட்டும் ஒப்புரவை யோசிக்கலாம். "ஏழெழுபதுதரம் மன்னிக்கச் சொன்னாரே இயேசு" என்று அவசரப்படுத்துகிறவர்களிடம் லூக்கா 17:3-ஐக் காட்டுங்கள். "கடிந்துகொள்" என்ற சொல் அங்கே மன்னிப்புக்கு முன்னால் நிற்கிறது.