மருந்துக்கடையில் ஆப் பழகிய அம்மா: ஒரு வருடத்துக்குப் பிறகு

அம்மாவின் மருந்துச் சீட்டு, லேப் ரிப்போர்ட், டாக்டர் அப்பாயின்ட்மென்ட் எல்லாம் போனில் ஒரு ஆப்புக்குள் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. அதைப் பழக்கிவிட்டது வழக்கமாக மருந்து வாங்கும் கடையின் பார்மசிஸ்ட். மாதாமாதம் மாத்திரை வாங்க எப்படியும் அங்கே போகத்தானே வேண்டும்? தனியாக வகுப்பு எடுத்திருந்தால் அம்மா மறந்திருப்பார். தேவையும் மருந்தும் கண்ணெதிரே இருக்கும்போது செய்ததால் மனதில் நின்றது.

முதல் நாள் பார்மசிஸ்ட் ஆப்பைத் திறக்கவே இல்லை. போன் செட்டிங்ஸில் எழுத்தைப் பெரிதாக்கினார். அம்மாவுக்குக் கை லேசாக நடுங்கும், ஒரு தட்டு இரண்டாக விழும். அடுத்தடுத்த தொடுதலைப் பொருட்படுத்தாத வசதியை ஆன் செய்தார். கைரேகைக்குப் பதில் பின் நம்பர். வயதானால் தோல் வறண்டு ரேகை மங்குவதால் சென்சார் அடிக்கடி மறுத்துவிடுகிறதாம். எழுத்து பெரிதானதும் ஆப்பின் ‘உறுதிசெய்’ பட்டன் திரையை விட்டே காணாமல் போனது வேறு கதை. எழுத்தை 200 சதவீதம் வரை, அதாவது இரண்டு மடங்காக, பெரிதாக்கினாலும் எதுவும் மறையக் கூடாது என்று இணையப் பக்கங்களுக்கு 2008-லேயே நெறிமுறை வந்துவிட்டது. இந்த ஆப்பைச் செய்தவர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஓடிபி பெரிய தலைவலி. யாரிடமும் சொல்லக் கூடாது என்று நாமே சொல்லி வைத்திருக்கிறோம். கடையில் கேட்டால் அம்மா என்ன நினைப்பார்? பார்மசிஸ்ட் கேட்கவே இல்லை. “நீங்களே அடிங்கம்மா, நான் திரும்பிக்கிறேன்” என்று நிஜமாகவே அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். கடைசிவரை போன் அம்மா கையில்தான். இப்படி நடக்காத கடையென்றால் நான் போகச் சொல்ல மாட்டேன்.

எதிர்பாராத பலன் ஒன்று கிடைத்தது. மருந்துப் பட்டியலைச் சரிபார்க்க, வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கொண்டுவரச் சொன்னார். இரண்டு அட்டை, இரண்டு நிறம், இரண்டு பிராண்ட் பெயர். உள்ளே இருந்தது ஒரே ரத்த அழுத்த மருந்து, ஆம்லோடிபின். வேறு வேறு டாக்டர்கள் எழுதியது, இரண்டையும் அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கணுக்கால் வீங்குவதை வயசுக்கோளாறு என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவு அது. பார்மசிஸ்ட் டாக்டருக்குப் போன் செய்து பேசிய பிறகு ஒன்றை நிறுத்தினார்கள். ஆப் அவற்றை இரண்டு தனி மருந்துகளாகத்தான் காட்டியது, ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை.

குறைகளும் உண்டு. மாலையில் கூட்டம், அப்போது யாருக்கும் பொறுமை இருக்காது. பின்னால் நாலு பேர் நிற்க, ரிப்போர்ட்டைக் கவுண்டரில் வைத்துச் சத்தமாகப் படிப்பது அம்மாவுக்குக் கூச்சம். இப்போது மதியத்தில் போகிறோம். ஆப் அப்டேட் ஆகி மெனு இடம் மாறினால் பாடம் முதலிலிருந்து. எனக்குக் குடும்பத்தினருக்கான தனி லாகின் இருக்கிறது, அம்மாவின் பாஸ்வேர்டு தேவையில்லை. அது நிம்மதி.

அப்பாயின்ட்மென்ட் போடுவது, சீட்டை அனுப்புவது, ரிப்போர்ட் பார்ப்பது மூன்றும் அம்மா இப்போது தானாகவே செய்கிறார். வீடியோவில் டாக்டரைப் பார்ப்பது மட்டும் சரிவரவில்லை. காது மந்தமானவருக்கு அந்த விட்டுவிட்டு வரும் குரல் பிடிபடுவதில்லை, அதற்கு நேரிலேயே போய்விடுகிறோம்.