மணல் பெட்டியும் யுங் வழியும்: சூரிச்சில் நான் போகும் சிகிச்சை

சுவிஸில் இருக்கும் எங்கட ஆட்களில் பலருக்கு உளவியல் சிகிச்சை என்றால் இன்னும் "விசர் டொக்டர்" என்ற நினைப்புத்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன். சூரிச்சில், சுவிஸ் மனநல வைத்தியர் கார்ல் யுங் காட்டிய வழியில் பயின்ற ஒரு பெண்மணியிடம் நான் சிகிச்சைக்குப் போகிறேன். 2009இல் வன்னியிலிருந்து உயிரோடு வெளியே வந்தவள் நான். மனநல வைத்தியர் எனக்கு எழுதியது சிக்கலான மனவடு நோய். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி 11 என்ற நோய்ப் பட்டியல் 2022இல் நடைமுறைக்கு வந்தபோதுதான் அதற்குத் தனி இடம் கிடைத்தது. பழைய காட்சிகள் திரும்ப வருவதும், நினைவூட்டும் எதையும் தவிர்ப்பதும், எந்நேரமும் ஆபத்து பக்கத்தில் நிற்பதுபோல் இருப்பதும் பலருக்குத் தெரியும். அதோடு கோபமும் அழுகையும் கட்டுக்குள் நிற்காது, தன்னைத் தானே ஒன்றுக்கும் உதவாதவள் என்று மனம் எண்ணும், ஒருவரோடும் ஒட்ட முடியாது. கலியாணமான பிறகு என்னை அதிகம் வாட்டியது இந்தக் கடைசி மூன்றும்தான்.

முதலில் போன இடத்தில் முதல் நாளே நடந்ததை எல்லாம் வரிசையாகச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். பிறகு எத்தனையோ இரவு நித்திரையே இல்லை.

இப்போது நான் போகும் பெண்மணி அப்படிக் கேட்கவில்லை. உளவியல் படிப்பதற்கு முன் மனநல மருத்துவமனையில் தாதியாக வேலை செய்தவர், பிறகு சூரிச்சுக்குப் பக்கத்து குஸ்நாக்ட்டில் உள்ள யுங் நிறுவனத்தில் பயின்றவர். 1948இல் தொடங்கிய நிறுவனம் அது. அங்கே பயில்பவர் தானும் வருடக்கணக்கில் உளப்பகுப்பாய்வுக்கு உட்பட வேண்டும். மற்றவர் மனதில் கைவைக்க முன் தன் மனதைக் காட்ட வேண்டும் என்ற அந்த விதி எனக்குப் பிடித்திருக்கிறது.

முதல் மாதங்கள் நித்திரை, சாப்பாடு, மூச்சு, வேலையிடத்தில் பதறினால் என்ன செய்வது என்பதிலேயே போயின. மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை. வைத்தியரோடு தொடர்பிலேயே இருந்தார். அதன் பிறகுதான் மணல் பெட்டி, அதாவது மணலில் பொம்மைகளை வைத்து மனதில் இருப்பதைக் காட்டும் முறை. யுங்கின் ஊக்கத்தில் 1956இல் லண்டன் போய் குழந்தை வைத்தியர் மார்கரெட் லோவன்ஃபெல்டிடம் கற்றுவந்து, சூரிச்சுக்குப் பக்கத்து சொல்லிகோனில் தன் வீட்டிலேயே இந்த முறையை வளர்த்தவர் டோரா கால்ஃப். பெட்டி 72க்கு 57 சென்டிமீட்டர், ஆழம் 7. தலையைத் திருப்பாமலே முழுவதும் கண்ணுக்குள் அடங்கும். அடித்தளம் நீல நிறம். தட்டுகளில் வீடு, மாடு, படகு, பாம்பு, சிப்பாய், சாமி என்று சின்னச் சின்னப் பொம்மைகள்.

ஈர மணலை விரலால் தள்ளிக்கொண்டிருந்தேன், அடியில் நீலம் தெரிந்தது. எனக்கு அது நந்திக்கடல். கையை இழுத்துக்கொண்டேன், மூச்சு முட்டியது. "காலை நிலத்தில் ஊன்றுங்கள், இங்கே இருக்கிறோம்" என்றார், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் ஒரு மாட்டை எடுத்துக் கரையில் வைத்தேன், தண்ணீருக்கு முதுகு காட்டி. என்ன அர்த்தம் என்று அவர் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. நான் போன பிறகு படம் எடுத்து வைப்பார், என் முன்னால் ஒருபோதும் கலைக்க மாட்டார். மாதங்கள் கழித்து அந்தப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தோம். அன்றைக்குத்தான் தம்பியைப் பற்றி வாய் திறந்தேன்.

அவசரம் இருப்பவருக்கு இது சரிவராது. ஆய்வு ஆதாரம் கூடுதலாக இருப்பது கண்ணை இரு பக்கமும் அசைத்தபடி பழைய நினைவைக் கையாளும் ஈஎம்டிஆர் போன்ற மனவடுச் சிகிச்சைகளுக்குத்தான். இதை அவரே முதலில் சொல்லி, வேண்டுமென்றால் அங்கே அனுப்புகிறேன் என்றார். காத்திருப்புப் பட்டியல் நீளம். அம்மாவையும் கூட்டிப்போக ஆசைப்பட்டேன், ஆனால் மொழிபெயர்ப்பாளருக்கு யார் காசு கொடுப்பது என்ற கேள்வியிலேயே அது நின்றுபோனது. இது எனக்குப் பெரிய மனக்குறை.

காசு விஷயம்: 2022 ஜூலையிலிருந்து வைத்தியர் எழுதித் தந்தால் அடிப்படைக் காப்புறுதி கட்டும். முதலில் 15 அமர்வு, பிறகு இன்னொரு 15, அதற்கு மேல் காப்புறுதியின் சம்மதம் வேண்டும். வருடத்தில் முதலில் நீங்களே கட்ட வேண்டிய பிரான்சைஸ் தொகையும், அதற்கு மேல் 10 வீதமும் உங்கள் கையிலிருந்துதான். "யுங்" என்று பலகை போட்டவர் எல்லாரும் இதற்குள் வரமாட்டார்கள். கூட்டாட்சி அங்கீகாரம் பெற்ற உளவியல் சிகிச்சையாளரா என்று தொலைபேசியிலேயே கேளுங்கள், சிக்கலான மனவடுவோடு வேலை செய்த அனுபவம் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.