சுண்டுவிரலும் ‘ச’ எழுத்தும்: பிளவு விசைப்பலகையோடு மூன்று ஆண்டுகள்

இடது கைக்கு ஒரு பாதி, வலது கைக்கு ஒரு பாதி என்று இரண்டாகப் பிரிந்திருக்கும் பிளவு விசைப்பலகை வாங்கும் எண்ணம் இருந்தால், முதலில் அதில் ‘ச’ எங்கே இருக்கிறது என்று பாருங்கள். விலை, அழகு, கம்பி உண்டா இல்லையா என்பதெல்லாம் பிறகு. ஒவ்வொரு உயிருக்கும் மெய்க்கும் தனி விசை தரும் தமிழ்99 முறையில் தட்டச்சு செய்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஆங்கில ஒலிப்பு முறையில் தட்டுகிறவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. அவர்களுக்கு வேறு தலைவலிகள் உண்டு.

நான் மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் செய்து பிழைக்கிறவள். ஒரு நாளில் ஆறு மணி நேரமாவது விரல்கள் விசைகளின் மேல் இருக்கும். 2021 கடைசியில் வலது கையின் வெளிப்பக்கம், சுண்டுவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டு வரை, மாலையானால் விண்விண் என்று தெறிக்க ஆரம்பித்தது. தைலம் தேய்த்தேன். மௌஸை இடது கைக்கு மாற்றினேன். காலையில் தோசை திருப்பும்போதே வலித்த பிறகுதான் இயன்முறை மருத்துவரிடம் போனேன்.

அந்தப் பெண் என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். “மேடம், வீட்டில் எப்படித் தட்டுவீர்களோ அப்படியே இந்த மேசை மேல் கையை வையுங்கள்” என்றார். வைத்தேன். என் முன்கைகள் இரண்டும் நெஞ்சுக்கு நேரே வந்து கூட, அங்கிருந்து உள்ளங்கைகள் மட்டும் வெளிப்பக்கமாக ஒடிந்து திரும்பியிருந்தன. அவர் மணிக்கட்டின் வளைவில் தன் பேனாவை வைத்துக் காட்டினார். பேனா ஒரு திசை, என் விரல்கள் ஒரு திசை. “ஆறு மணி நேரம் இப்படியா?” என்று மட்டும் கேட்டார்.

தோள் அகலமுள்ள ஒருவர் முப்பது சென்டிமீட்டர் பலகையில் இரண்டு கைகளையும் கொண்டுவந்து குவித்தால் மணிக்கட்டு ஒடியத்தான் செய்யும். பலகையை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாதியையும் அந்தந்தத் தோளுக்கு நேராக வைத்தால் முன்கையும் உள்ளங்கையும் ஒரே கோட்டில் வந்துவிடும். பிளவு விசைப்பலகையின் தத்துவம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் மேல்பூச்சு.

ஆனால் எனக்கு வலித்தது மணிக்கட்டு மட்டும் அல்லவே. சுண்டுவிரல் ஏன் என்று ஒரு நாள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 அமைப்பு அழகானது. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. ‘வ’வும் ‘ங’வும் மட்டும் இடப்பக்கம் தங்கிவிட்டன. மெய், உயிர், மெய், உயிர் என்று கைகள் மாறி மாறி விழுவதால் தாளம் போட்டது போல் ஓடும். ஆனால் வலது சுண்டுவிரலின் பங்கைப் பாருங்கள்: ண, ந, ய, ச, ஞ, ழ. ஆறு எழுத்துகள். இவை போதாவென்று என்டர், பேக்ஸ்பேஸ் இரண்டும் அதே விரலுக்கு. வீட்டுக்கு இளைய மருமகள் தலையில் எல்லா வேலையையும் கட்டுவது போல.

என் அண்ணன் மகன் பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். இந்தப் பிளவுப் பலகைகளில் பைத்தியம்; விசைகளுக்கு அடியில் இருக்கும் சுவிட்சுகளைத் தானே பற்றவைத்துக் கட்டுகிறவன். அவனிடம் கேட்டேன். உடனே கோர்னி என்ற ஒன்றின் படத்தை அனுப்பினான். மொத்தமே 42 விசைகள், இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கும்.

“அத்தை, கை நகரவே வேண்டாம். எண்களெல்லாம் இன்னொரு அடுக்கில் ஒளிந்திருக்கும்; ஒரு விசையை அழுத்திப் பிடித்தால் அதே விசைகள் எண்களாகிவிடும். பழகிவிட்டால் வேறெதையும் தொட மாட்டீர்கள்.”

“ச எங்கேடா இருக்கிறது?”

அவனுக்குப் புரியவில்லை. தமிழில் தட்டச்சு செய்யாத பிள்ளை. தமிழ்99இல் ‘ச’ உட்கார்ந்திருப்பது திறக்கும் சதுர அடைப்புக்குறியின் இடத்தில், ‘ஞ’ அதற்கடுத்த மூடும் அடைப்புக்குறியில். நிரல் எழுதுகிற அவனுக்கு அவை அடைப்புக்குறிகள். வேண்டும்போது இன்னோர் அடுக்கிலிருந்து கூப்பிட்டுக்கொள்வான். எனக்கோ ‘ச’ இல்லாமல் சோறும் இல்லை, சொல்லும் இல்லை. கோர்னியின் வழக்கமான அமைப்பில் ‘ண’வுக்குப் பக்கத்தில் இருப்பது பேக்ஸ்பேஸ். அதற்கும் சிறியதாக 34 விசைகளோடு வருபவற்றில் ‘ய’வும் சேர்ந்து போய்விடுகிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். விசைப்பலகைக்குத் தமிழ் தெரியாது. எந்த இடத்து விசை அழுத்தப்பட்டது என்ற குறியை மட்டும்தான் அது கணினிக்கு அனுப்புகிறது. அதை எழுத்தாக்குவது இயங்குதளமோ, இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற மென்பொருளோ. ஆகவே, அடைப்புக்குறியின் குறியை அனுப்பும் விசையை எங்கே வைக்கிறோமோ அங்கேதான் ‘ச’. இடத்தை மாற்றிக்கொள்ளும் வசதி பெரும்பாலான பிளவுப் பலகைகளில் இருக்கிறது. ஆனால் மாற்றி வைக்க முதலில் காலி விசை வேண்டுமே!

பத்து நாள் இழுபறிக்குப் பிறகு லில்லி58 என்று முடிவாயிற்று. 58 விசைகள். எண்வரிசை உண்டு. ஒவ்வொரு பாதியிலும் கட்டைவிரலுக்கு நான்கு விசைகள். ‘ண’வுக்கு அடுத்திருந்த கழித்தல் குறியை அப்புறப்படுத்தி அங்கே ‘ச’வை வைத்தோம், பழைய இடமேதான், விரலுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ‘ல’வுக்கு இடப்பக்கம் உள்ளே தனியாக நிற்கும் விசை ‘ஞ’வுக்குப் போனது. பலகை, சுவிட்ச், மூடிகள் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 12,000 ரூபாய் ஆனது. பற்றவைத்த கூலி ஒரு டப்பா அதிரசம். மூன்லேண்டர், கினிசிஸ் அட்வான்டேஜ்360 மாதிரியானவை 300 டாலரைத் தாண்டும். அதற்கு மேல் சுங்கத் தீர்வை. எனக்கு அவ்வளவு மனம் வரவில்லை.

முதல் மாதம் நரகம்.

ஆங்கிலத் தட்டச்சில் லோயர் முடித்தவள் நான். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப் என்று பயிற்சி நிலையத்தில் மாதக்கணக்கில் தட்டியவள். அப்படியிருந்தும், தமிழ்99ஐ நானாகப் பழகியபோது சில திருட்டுப் பழக்கங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இத்தனை ஆண்டுகளாக ‘ங’வை வலது சுட்டுவிரலாலும், ‘ள’வை இடது சுட்டுவிரலாலும் தட்டி வந்திருக்கிறேன், எனக்கே தெரியாது. ஒரே பலகையாக இருந்தவரை யார் கண்டார்கள்? இரண்டாகப் பிரிந்ததும் வலது விரல் ‘ங’வைத் தேடிப் போய் மேசைப் பலகையைத் தட்டியது. இடது விரல் ‘ள’வைத் தேடி வெற்றிடத்தில் விழுந்தது. ‘மரங்கள்’ என்று தட்டினால் திரையில் ‘மரக்’. ‘நாங்கள்’ என்றால் ‘நாக்’. ‘ங்கள்’ வராத தமிழ்ப் பத்தி ஒன்றை எழுதிப் பாருங்கள், அப்போது தெரியும் என் பாடு. உலகத்தில் எல்லாமே ஒருமையில் இருந்தால் நன்றாயிருக்குமே என்று அந்த வாரம் நினைத்தேன்.

அதோடு இன்னொரு தப்பும் செய்தேன். அவசர வேலைக்கென்று பழைய பலகையையும் கணினியில் செருகியே வைத்திருந்தேன். பத்து நிமிடம் புதியது, எரிச்சல் வந்தால் பழையது. இரண்டு வாரம் ஆகியும் விரல் எதற்கும் பழகவில்லை. பழையதைப் பரணில் போட்ட பிறகு ஒன்பதே நாளில் ‘ங்கள்’ வந்துவிட்டது. பழைய வேகம் திரும்ப மேலும் ஒரு மாதம். கையில் கெடு வைத்த வேலை இருக்கும்போது தயவுசெய்து தொடங்காதீர்கள்.

விசைகள் நேர்செங்குத்தாக அடுக்கப்பட்டிருப்பதும் முதலில் உறுத்தியது. வழக்கமான பலகையில் ஒவ்வொரு வரிசையும் மேல்வரிசையிலிருந்து கொஞ்சம் விலகிச் சாய்ந்திருக்கும். பழைய தட்டச்சுப்பொறியில் விசைக்கு அடியிலிருந்து போகும் நெம்புகோல்கள் ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. நெம்புகோல் போய்விட்டது, சாய்வு மட்டும் நம்மோடு தங்கிவிட்டது. லில்லி58இல் விரல் நேராக மேலே நீள்கிறது, நேராகக் கீழே மடங்குகிறது. இன்றைக்கு மடிக்கணினியின் விசைகளைத் தொட்டால்தான் கோணலாகத் தெரிகிறது.

இனி உண்மையான லாபம். பேக்ஸ்பேஸை இடது கட்டைவிரலுக்கும், என்டரை வலது கட்டைவிரலுக்கும் கொடுத்தேன். மெய்ப்புத் திருத்துகிறவளுக்கு அழிப்பதுதான் பாதி வேலை. அது சுண்டுவிரலிலிருந்து கட்டைவிரலுக்கு வந்ததும், இரண்டே மாதத்தில் மாலை வலி பெருமளவு குறைந்தது. பிளவைவிட இந்த மாற்றம்தான் என் கையைக் காப்பாற்றியது என்றே நினைக்கிறேன். வலி முழுக்கப் போய்விட்டதா என்றால், இல்லை. நூறு பக்கத்துக்கு மேல் ஒரே மூச்சில் திருத்தினால் இன்றும் எட்டிப் பார்க்கும். மருத்துவர் சொன்ன பயிற்சிகளை விட்ட மாதங்களிலும் வரும்.

எதிர்பாராத லாபம் ஒன்றும் உண்டு. இரண்டு பாதிகளுக்கும் நடுவே ஒன்றரைச் சாண் இடம். அதில் தாத்தாவின் சிக்குப்பலகையை, புத்தகத்தைத் தாங்கும் மடக்குப் பலகையை, விரித்து மூலநூலை வைத்துவிட்டேன். முன்பெல்லாம் இடப்பக்கம் புத்தகம், நேரே திரை. கழுத்து நாள் முழுக்க ஊசலாடும். இப்போது கண்ணைத் தாழ்த்தினால் மூலம், நிமிர்த்தினால் மொழிபெயர்ப்பு. கழுத்துவலிக்கென்று நான் எதுவும் வாங்கவில்லை, ஆனால் அதுவும் குறைந்தது.

பலகைகளைக் கூடாரம் போல் உள்பக்கம் தூக்கி வைத்தால் கை இயல்பாக இருக்கும் என்பார்கள். உண்மைதான், அளவோடு இருந்தால். அண்ணன் மகன் முப்பரிமாண அச்சில் 30 பாகைக்குக் கால்கள் செய்து கொடுத்தான். எனக்குத் தோள்பட்டை தூக்கிக்கொண்டது. இப்போது கதவு சாத்தாமல் இருக்க வைக்கும் ரப்பர் ஆப்பு இரண்டு, ஜோடி நாற்பது ரூபாய், அடியில் கிடக்கின்றன. சரியாக இருக்கிறது.

அவன் சொல்லி நான் கெட்டுப்போன விஷயம் இன்னொன்று. நடுவரிசை எழுத்து விசைகளையே அழுத்திப் பிடித்தால் ஷிஃப்ட், கன்ட்ரோல் ஆக்கிக்கொள்ளும் வழி ஒன்று உண்டு. ஆங்கிலக்காரர்கள் கொண்டாடுகிறார்கள். அதில் ஷிஃப்ட் ஆவது பெரும்பாலும் இடது சுட்டுவிரலின் விசை, அதாவது தமிழ்99இல் நமது புள்ளி. அழுத்தம் 200 மில்லிநொடியைத் தாண்டினால் அது புள்ளி அல்ல, ஷிஃப்ட். புள்ளி தட்டிய விரல் எழுவதற்குள் வலது கை அடுத்த மெய்யில் விழுந்துவிடுவதுதான் தமிழ்99இன் ஓட்டம். விரல் கொஞ்சம் சோம்பி நின்றாலும் புள்ளி காணாமல் போய் ஏதாவது ஒரு குறி வந்து நிற்கும். நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன், குறைத்துப் பார்த்தேன். பத்தாம் நாள் தூக்கி எறிந்துவிட்டு ஷிஃப்டைப் பழைய மூலைக்கே அனுப்பினேன். கிரந்த எழுத்துகளுக்கும் ஆய்தத்துக்கும் கேள்விக்குறி போன்ற சில குறிகளுக்கும்தானே நமக்கு அது வேண்டும்.

சுவிட்ச் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. முதலில் சொடக்குப் போடும் நீல வகை போட்டேன். இரவில் வீட்டில் யாரும் தூங்கவில்லை. பழுப்பு வகைக்கு மாறினேன். கழற்றி மாட்டும் குழிகள் இருந்ததால் அரை மணி நேர வேலை. அந்தக் குழி வசதி இல்லாத பலகையை வாங்காதீர்கள், ஏனென்றால் மூன்றாம் ஆண்டில் ஒரு சுவிட்ச் தேய்ந்தது: புள்ளி. ஐந்துக்கு ஒரு முறை பதிவாகவில்லை. இடது மூலையில் சும்மா இருந்த ஒரு விசையின் சுவிட்சைப் பிடுங்கி அங்கே செருகிவிட்டு, தேய்ந்ததை மூலைக்கு அனுப்பினேன். விரலுக்கு அடையாளம் சொல்ல அந்த மூடியில் இருக்கும் சிறு மேடும் மழுங்கிவிட்டது. வலப்பக்கம் அதே மேடு உள்ள ‘ப’ இன்னும் புதிதாக இருக்கிறது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பயணத்துக்கு ஒத்துவராது, இரண்டு பாதி, இரண்டு கம்பி, இரண்டு ஆப்பு என்று பை நிறைந்துவிடும். வீட்டில் வேறு யாரும் இதில் ஒரு வரி தட்ட முடியாது. மறுபழக்கமே வேண்டாம், மணிக்கட்டு நிமிர்ந்தால் போதும் என்பவர்கள், வழக்கமான பலகையை அப்படியே இரண்டாக வெட்டிய கினிசிஸ் ஃப்ரீஸ்டைல்2, கீக்ரான் கியூ11 போன்றவற்றைப் பார்க்கலாம். அவற்றில் ‘ச’வும் ‘ஞ’வும் தம் வீட்டிலேயே இருக்கும். என்டரும் பேக்ஸ்பேஸும் மட்டும் அதே பழைய மூலையில், அதே பாவப்பட்ட விரலுக்கு.

கடைசியாக ஒன்று. இரண்டு பாதிகளையும் இணைக்கும் கம்பி, பாட்டு கேட்கும் ஹெட்போன் செருகி போலவே இருக்கும். கணினியில் மின்சாரம் ஓடும்போது அதைப் பிடுங்கவோ செருகவோ கூடாது. செருகியின் முனை உள்ளே உரசிப் போகும்போதே மின்கம்பிகள் குறுக்கே தொட்டுவிடும். 2023 தீபாவளிக்கு ஒட்டடை அடிக்கும் வேகத்தில் நான் பிடுங்கினேன். வலது பாதி செத்துவிட்டது. மெய்யெழுத்துகள் எல்லாம் போய், நான்கு நாள் உயிர்களும் ‘வ’வும் ‘ங’வும் மட்டும் கையில். அண்ணன் மகன் பண்டிகைக்கு ஊருக்கு வந்து உள்ளிருந்த சில்லை மாற்றிக் கொடுத்தான். முதல் வேலையாக ‘ச’வைத் தட்டிப் பார்த்தேன். வந்தது.